அது கறை இல்லீங்க அத்தை!

செம்மேட்டுல எங்க அத்தை வீட்டு மாடியில ரெண்டு ரூம் இருக்கு. கொல்லிமலைக்கு வர்ற டூரிஸ்ட்டுக்கு வாடகைக்கு விடுவாங்க. மற்ற நாள்ல எப்படியோ, ஆடி 17, 18 வந்துட்டா வல்வில் ஓரி விழாவுக்கு வர்ற கூட்டத்துல ரெண்டு ரூமும் கண்டிப்பா நிறைஞ்சிடும். அதனால ஆடி பொறந்ததுமே அத்தைக்கு ஒரே வேலை, பாத்ரூம் கழுவுறது.

போன வருஷம் அந்த நேரத்துல நான் மேல போயிருந்தேன். காரவள்ளியில இருந்து 70 கொண்டை ஊசி வளைவு. பஸ்ஸை விட்டு இறங்கினப்ப எனக்கு இருந்த நிலைமையை இங்க எழுத வேணாம். ஒரு டம்ளர் மிளகு ரசம் குடுத்துட்டு அத்தை நேரா பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போனாங்க.

"ஏங் கண்ணு, நீ இஞ்சினீயருக்குத்தான படிக்கிற? இந்த வெள்ளக் கறை ஏன் போவ மாட்டேங்குதுன்னு சொல்லு. மூணு பாட்டில் ஆசிட் ஊத்திட்டேன். ஊத்த ஊத்த பெருசாவுதே தவிர போவல."

பழைய ரூம் பாத்ரூம் அது. மொசைக் தரை. க்ளோசெட்டைச் சுத்தி வெள்ளை வெள்ளையா திட்டு. குழாய்க்குக் கீழ கையளவு ஒரு இடம் சொரசொரன்னு. குழாயோட பளபளப்பு அடிப்பக்கமா உரிஞ்சு, உள்ள இருந்து மஞ்சளா பித்தளை எட்டிப் பார்க்குது. கதவுக்கு அடிச்ச ஸ்டீல் தாழ்ப்பாள்ல, ஆசிட் படவே வாய்ப்பு இல்லாத உயரத்துல, துருப் புள்ளி.

நான் சிவில் கடைசி வருஷம். அமிலம் பட்டா கான்கிரீட் என்ன ஆகும்னு 13 மார்க் கேள்விக்கு ரெண்டு பக்கம் எழுதியிருக்கேன். ஆனா அதை அத்தைக்குத் தமிழ்ல சொல்லணும்னதும் வாய் வரல. எல்கேஜியில இருந்து இங்கிலீஷ் மீடியம், என்ன பண்றது. அன்னைக்குத் திக்கித் திக்கிச் சொன்னதைத்தான் இப்ப உங்களுக்கு ஒழுங்கா எழுதப் பார்க்கறேன். உங்க வீட்டு பாத்ரூம்லயும் இப்படி ஒரு "போகாத கறை" இருக்கும். போய்ப் பாருங்க.

முதல்ல முக்கியமான விஷயம். அத்தை தேய்ச்சது கறையே இல்ல. அது தரையோட காயம். தரையோட மேல் தோலை ஆசிட் தின்னுட்டுப் போன இடம். இல்லாத ஒண்ணை எவ்வளவு தேய்ச்சாலும் எடுக்க முடியாது. காயம் பட்ட இடத்துல மறுபடி ஆசிட் ஊத்தினா காயம்தான் பெருசாகும்.

ஏன் தின்னுது? பாத்ரூம் ஆசிட்னு விக்கிறது ஹைட்ரோகுளோரிக் அமிலம். கடையில விக்கிற டாய்லெட் கிளீனர் பாட்டில் பலதுல லேபிளைத் திருப்பிப் பார்த்தா சுமார் 10 சதவீதம்னு போட்டிருக்கும். வண்டியில மைக் கட்டிக்கிட்டு "ஆசிட், பினாயில், ப்ளீச்சிங் பவுடர்"னு கூவிட்டு வர்றாங்க இல்ல, அதுல லேபிளே கிடையாது. பழைய தண்ணி பாட்டில்ல ஊத்திக் குடுப்பாங்க. எத்தனை சதவீதம்னு வித்தவருக்கும் தெரியாது, வாங்கினவருக்கும் தெரியாது. (2013 ஜூலையில லட்சுமி வழக்குல உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவுப்படி, ஆசிட் விக்கிறவங்க யாருக்கு எவ்வளவு வித்தோம்னு பதிவேடு வைக்கணும், வாங்கறவங்க போட்டோ உள்ள அடையாள அட்டை காட்டணும், 18 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு விக்கவே கூடாது. அத்தைகிட்ட யாரும் ஆதார் கேட்டதா தெரியல.)

இந்த அமிலத்துக்குப் பிடிச்ச சாப்பாடு கால்சியம் கார்பனேட். உப்புத் தண்ணி ஓடற ஊர்ல குழாய், பக்கெட், டைல்ஸ் மேல வெள்ளையா படியுது பாருங்க, அது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்தான். ஆசிட் பட்டதும் நுரை பொங்கும், கார்பன் டை ஆக்சைடு போகும், மிச்சம் தண்ணியில கரையற கால்சியம் குளோரைடு ஆகி ஓடிடும். அதனாலதான் ஆசிட் ஊத்தினதும் "பளிச்"னு ஆகுது. நுரையைப் பார்த்து அழுக்கு போகுதுன்னு சந்தோஷப்படறோம்.

மொசைக் தரை எதால ஆனது? மார்பிள் சில்லும் சிமெண்டும். மார்பிள்னா பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். இறுகின சிமெண்ட்லயும் கால்சியம்தான் பிரதானம், அதுல ஒரு பங்கு சுண்ணாம்பாவே இருக்கும். ஆக, மேல படிஞ்ச உப்பும் கீழ இருக்கிற தரையும் ஒரே குடும்பம். ஆசிட்டுக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. உப்பு இருக்கற வரைக்கும் உப்பைத் தின்னும். தீர்ந்ததும் "அடுத்து என்ன?"ன்னு தரையைத் தின்னும். கணக்குப் போட்டா, 10 சதவீத ஆசிட் ஒரு லிட்டர் கிட்டத்தட்ட 140 கிராம் மார்பிளைக் கரைக்கும். அத்தை ஊத்தினது மூணு பாட்டில்.

இதுல மோசமான பகுதி இனிமேதான். மேல் பாலிஷ் போன தரையில கண்ணுக்குத் தெரியாத குழிகள் இருக்கும். அழுக்கு அங்க போய் உட்காரும். முன்னாடி வெறும் தண்ணி ஊத்தினா போயிருக்க வேண்டிய அழுக்கு இப்ப ஒட்டிக்கும். தரை சீக்கிரமே அழுக்காத் தெரியும். உடனே நாம என்ன செய்வோம்? இன்னும் கொஞ்சம் ஆசிட். வாரத்துக்கு ஒரு தடவைன்னு இருந்தது ரெண்டு தடவை ஆகும். வீட்டுல "இப்பல்லாம் தரை சீக்கிரம் அழுக்காவுது"ன்னு யாராவது சொன்னா, ஆசிட் பாட்டில் எங்க இருக்குன்னு பாருங்க.

டைல்ஸ் போட்டவங்க தப்பிச்சோம்னு நினைக்க வேணாம். டைல்ஸ் மேல இருக்கிற பளபளப்பு ஒரு கண்ணாடிப் பூச்சு. அதை இந்த ஆசிட் அவ்வளவா தொடாது. ஆனா ரெண்டு டைல்ஸுக்கு நடுவுல இருக்கிற ஜாயின்ட்? சிமெண்ட். அது கரைஞ்சா தண்ணி அடியில இறங்கும். ஒரு நாள் டைல்ஸைத் தட்டினா "டொக் டொக்"னு காலியா சத்தம் வரும். அப்புறம் கீழ் வீட்டு சீலிங்ல ஈரம். ரெட் ஆக்சைடு தரைக்கும், செட்டிநாட்டு ஆத்தங்குடி கல்லுக்கும் இதே கதிதான். ஆத்தங்குடி கல் சூளையில சுட்டது இல்ல, சிமெண்டும் மணலும் நிறமும் சேர்த்துக் கண்ணாடி மேல வார்த்து எடுக்கறது. ஒரே ஒரு ஆசிட் கழுவலுக்கே முகம் செத்துடும். கிரானைட் மட்டும்தான் பெரிய அளவுல தாங்கும்.

சரி, தாழ்ப்பாள் ஏன் துருப் பிடிச்சது? இது எனக்கே ஆச்சரியமா இருந்தது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப் பிடிக்காம இருக்கக் காரணம், அதுல இருக்கிற குரோமியம் மேல மெல்லிசா ஒரு ஆக்சைடு போர்வை போர்த்திக்கிறது. சில நானோமீட்டர் கனம்தான். குளோரைடு அந்தப் போர்வையில ஓட்டை போடும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் பாட்டில்ல சும்மா இருக்கும்போதே ஆவி விடும். மூடி சரியா மூடாம பாத்ரூம் மூலையில வெச்சா, அந்த ஆவி போய் ஸ்டீல் மேல, கண்ணாடி விளிம்புல, ஷவர் மேல உட்காரும். ஆசிட் படாமலே துரு வரும். குழாய் கதை இன்னும் சுலபம். பித்தளை மேல நிக்கல், அதுக்கு மேல ஒரு மைக்ரான் கூட இல்லாத குரோமியம். இந்த ஆசிட் குரோமியத்தைக் கரைக்கும். போன பூச்சு திரும்ப வராது.

அடைப்பு எடுக்கற பவுடரைப் பத்தியும் ஒரு வரி. அது ஆசிட் இல்ல, அதுக்கு நேர் எதிர், காஸ்டிக் சோடா. அலுமினியக் கதவு மேல பட்டா அரிச்சுடும். கொல்லிமலைக்காரங்களுக்கு இதுல ஒரு சொந்தம் உண்டு. இங்க வெட்டின பாக்சைட் மேட்டூர் மால்கோ ஆலைக்குப் போய் அலுமினியம் ஆச்சு. பாக்சைட்ல இருந்து அலுமினாவைப் பிரிச்செடுக்கிற முதல் வேலையை உலகம் முழுக்கச் செய்யறது இதே காஸ்டிக் சோடாதான். மலையையே கரைக்கிற சரக்கு, கதவை விட்டு வைக்குமா?

தரையை விடுங்க, நுரையீரலைப் பாருங்க

எல்லாம் சொல்லிட்டு இருக்கும்போது அத்தை சாதாரணமா ஒண்ணு சொன்னாங்க. "ஆசிட் மட்டும் பத்தலன்னு போன வாரம் ப்ளீச்சிங் பவுடரும் தூவித் தேச்சேன் கண்ணு. ராத்திரி பூரா இருமல். தொண்டை எரிச்சல். பனின்னு நெனச்சேன்."

அது பனி இல்ல. குளோரின் வாயு. 1915ல ஈப்ரே போர்க்களத்துல ஜெர்மன் ராணுவம் சிலிண்டர்ல திறந்து விட்ட அதே வாயு.

ப்ளீச்சிங் பவுடர் மேல ஆசிட் பட்டா குளோரின் கிளம்பும். பாக்கெட் மேல "கிடைக்கும் குளோரின்"னு ஒரு சதவீதம் போட்டிருப்பாங்க. ஆசிட் சேர்த்தா அந்தப் பவுடர் எவ்வளவு குளோரினை வெளிய விடும்ங்கறதுதான் அந்த எண்ணோட அர்த்தமே. புதுப் பவுடர்னா 30 சதவீதம் வரைக்கும் இருக்கும். இப்ப ஒரு சின்னக் கணக்கு. குவியலா ஒரு ஸ்பூன், 15 கிராம்னு வைங்க. அதுல 4.5 கிராம் குளோரின். வாயுவா மாறினா சுமார் ஒன்றரை லிட்டர். பாத்ரூம் 5 அடிக்கு 4 அடி, உயரம் 8 அடி. மொத்தக் காத்து சுமார் 4,500 லிட்டர். வகுத்தா 330 பிபிஎம் வருது. மனுஷ உயிருக்கு உடனடி ஆபத்துன்னு அமெரிக்காவோட நியோஷ் நிறுவனம் குளோரினுக்கு வெச்சிருக்கிற அளவு 10 பிபிஎம். பவுடர் முழுசா வினை புரியல, ஜன்னல் வழியா பாதி போயிடுச்சு, பத்துல ஒரு பங்குதான் நின்னுதுன்னு வெச்சாலும் 33. அதுவும் குளோரின் காத்தை விட ரெண்டரை மடங்கு கனம், தரையை ஒட்டித் தேங்கும். நாம எப்படித் தேய்க்கிறோம்? குத்த வெச்சு உட்கார்ந்து, முகத்தைத் தரைக்குப் பக்கத்துல வெச்சு.

அத்தை பாத்ரூம்ல கதவு திறந்து இருந்தது, பவுடர் பழசு. அதனால இருமலோட போச்சு. நான் கணக்கை மொபைல்ல போட்டுக் காட்டினப்ப அவங்க எதுவும் பேசல. ஜன்னலைப் போய் முழுசாத் திறந்து வெச்சாங்க.

இதை மட்டும் வீட்டுல போன் பண்ணிச் சொல்லிடுங்க: ஆசிட்டும் ப்ளீச்சும் ஒரே நாள்ல ஒரே பாத்ரூம்ல வேணாம். பல டாய்லெட் கிளீனர் பாட்டில் உள்ள இருக்கறது ஆசிட்தான்னு நிறைய பேருக்குத் தெரியாது, அதையும் சேர்த்துச் சொல்லுங்க. தெரியாம கலந்துட்டா, தண்ணி ஊத்திச் சரி பண்றேன்னு உள்ள நிக்காதீங்க. வெளிய வந்துடணும், காத்து வாங்கணும். கண் எரிஞ்சா 15 நிமிஷம் ஓடற தண்ணியில கழுவணும். மூச்சு இழுத்தா 108. குளோரின் மூச்சுல போனா சில மணி நேரம் கழிச்சுக் கூட மூச்சுத் திணறல் வரலாம். மலை மேல இருக்கறவங்க "காலையில பாத்துக்கலாம்"னு விடக் கூடாது, இறங்க 70 வளைவு இருக்கு. அப்புறம் அந்தப் பழைய தண்ணி பாட்டில். ராத்திரி தூக்கக் கலக்கத்துல ஒரு குழந்தை அதை எடுத்துக் குடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

அப்ப எதை எதால கழுவறது?

இங்கதான் எனக்கு ஒரு விஷயம் புரிஞ்சது. அத்தை பாத்ரூமுக்கு ஆசிட் தேவையே இருந்திருக்காது.

கீழ எங்க ஹாஸ்டல்ல போர் தண்ணி. பக்கெட் ஒரே மாசத்துல வெள்ளையா ஆகிடும். அது உப்பு. கொல்லிமலை சுண்ணாம்புப் பாறை இல்ல, சார்னோக்கைட்டும் நைஸும். அந்தப் பாறையில இருந்து வர்ற ஊத்துத் தண்ணியில கரைஞ்ச சுண்ணாம்பு குறைவாத்தான் இருக்கும். அத்தை வீட்டுக்கு வர்றது ஊத்துத் தண்ணி. அவங்க சமையல்கட்டுல தண்ணி கொதிக்க வைக்கிற பாத்திரத்தைப் பார்த்தேன், அடியில வெள்ளைப் படிவே இல்ல. அப்ப பாத்ரூம்ல ஆரம்பத்துல இருந்த "கறை" என்ன? மூணு விஷயம். டூரிஸ்ட் கால்ல ஒட்டி வர்ற செம்மண். ஈரத்துக்கு வர்ற பாசி. சோப்பும் எண்ணெயும் சேர்ந்த வழவழப்பு. இந்த மூணுல ஒண்ணு கூட ஆசிட்டுக்கான வேலை இல்ல.

சோப்பு வழவழப்புக்குச் சுடு தண்ணியில கொஞ்சம் சலவை சோடாவோ, பாத்திரம் கழுவற லிக்விடோ போதும். செம்மண்ணுக்கு சோப்புத் தண்ணியும் பிரஷ்ஷும், அன்னன்னைக்கே. பாசிக்கு ப்ளீச்சிங் பவுடர் சரியான மருந்துதான், ஆனா தனியா, பக்கெட் தண்ணியில கரைச்சு, பத்து நிமிஷம் விட்டு, நல்லாக் கழுவி விடணும். அதை விட நல்ல மருந்து, குளிச்சதும் தண்ணியை வழிச்சு விட்டு ஜன்னலைத் திறந்து வைக்கிறது. இதைச் சொன்னா யாரும் கேட்கறதில்ல, ஏன்னா கடையில விக்கிற பொருள் இல்ல.

கீழ நாட்டுல உப்புத் தண்ணி வீட்டுக்காரங்க மட்டும் அமிலம் தேட வேண்டியிருக்கும். அவங்களும் எலுமிச்சை உப்புன்னு விக்கிற சிட்ரிக் அமிலத்தைக் கரைச்சு, டைல்ஸ் மேலயும் குழாய் மேலயும் மட்டும், சில நிமிஷம் வெச்சுக் கழுவி, துணியால துடைச்சா போதும். மார்பிள், மொசைக் மேல எலுமிச்சை, வினிகர், புளி எதுவும் ஆகாது. "இயற்கை"ன்னு பாட்டில்ல இலை படம் போட்டிருந்தாலும் அமிலம் அமிலம்தான். உங்க தரை எந்த ரகம்னு தெரியலன்னா, கண்ணுக்குத் தெரியாத மூலையில ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்க. நுரைச்சா கால்சியம் இருக்கு. உடனே கழுவிடுங்க.

டாய்லெட் கிளீனர் கெட்டதுன்னு நான் சொல்லல. க்ளோசெட் உள் பக்கம் சுட்டெடுத்த பீங்கான், மேல கண்ணாடிப் பூச்சு. அது அதுக்குள்ள இருக்கிற வரைக்கும் தப்பில்ல. வெளிய தரைக்கு வரும்போதுதான் பிரச்சினை. அதையும் லிட்டர் கணக்குல ஊத்த வேணாம். கீழ செப்டிக் டேங்க்கோ இரட்டைக் குழியோ இருக்கு. அதுல கழிவைச் செரிக்கிறது பாக்டீரியா. நாம ஊத்தற ஆசிட்டும் ப்ளீச்சும் அளவு மீறினா அது செத்துடும். அப்புறம் நாத்தம் அடிக்குதுன்னு மறுபடி எதையாவது ஊத்துவோம்.

ஏற்கனவே ஆன காயத்துக்கு?

புதுசா ஆசிட் சிந்தியிருந்தா முதல்ல நிறைய தண்ணி. அப்புறம் ஆப்ப சோடாவைக் கரைச்சு ஊத்தி, நுரை அடங்கினதும் மறுபடி தண்ணி. பழைய காயம்னா, தண்ணி ஒரு சொட்டு விட்டுப் பாருங்க. குமிழா நின்னா பாலிஷ் கொஞ்சம் மிச்சம் இருக்கு. உறிஞ்சிக் கறுத்துட்டா தரை வாயைத் திறந்துட்டுது. மொசைக், மார்பிளுக்கு மெஷின் பாலிஷ் ஒண்ணுதான் வழி. கார்பொரண்டம் கல்லால சொரசொரப்புல இருந்து நைசா படிப்படியாத் தேய்ப்பாங்க. மேல் தோலை முழுசா எடுத்துட்டுப் புதுத் தோலைக் கொண்டு வர்றது. கடைசியில ஒரு வெள்ளைப் பவுடரைத் தூவித் தேய்ப்பாங்க பாருங்க, அது ஆக்சாலிக் அமிலம். "அமிலம் வேணாம்னு சொல்லிட்டு இதுவா?"ன்னு அத்தை கேட்டாங்க. நல்ல கேள்வி. ஹைட்ரோகுளோரிக் அமிலம் கால்சியத்தோட சேர்ந்தா தண்ணியில கரையற உப்பு வரும், ஓடிடும். ஆக்சாலிக் அமிலம் சேர்ந்தா கரையாத கால்சியம் ஆக்சலேட் வரும், அது தரை மேலயே படிஞ்சு நிக்கும். (ஆக்சாலிக் பவுடர் விஷம். பாலிஷ் போடறவர் கையில மட்டும் இருக்கட்டும்.)

டைல்ஸ் ஜாயின்ட் கரைஞ்சிருந்தா மேலயே பூசாம, தளர்ந்ததைச் சுரண்டி எடுத்துட்டு நிரப்பணும். எபாக்சி ஜாயின்ட் விலை அதிகம், ஆனா ஆசிட்டைத் தாங்கும். ஸ்டீல் மேல புள்ளித் துருன்னா ஆப்ப சோடாவைக் குழைச்சு நைலான் ஸ்க்ரப்பரால தேய்ச்சு, கழுவி, துடைச்சு வைங்க. கம்பி ஸ்க்ரப்பர் வேணாம், அது விட்டுட்டுப் போற இரும்புத் துணுக்கு புதுத் துருவுக்கு விதை. உரிஞ்ச குழாயை மட்டும் ஒண்ணும் பண்ண முடியாது. பித்தளை தெரியுதேன்னு புளி போட்டுத் தேய்க்க ஆரம்பிச்சுடாதீங்க, மிச்சப் பூச்சும் போகும். மாத்தறதுதான்.

சேந்தமங்கலத்துல இருந்து பாலிஷ் மெஷின் வந்தது ஆடி முடிஞ்ச பிறகுதான். அந்த வருஷ விழாவுக்குப் பழைய ரூமை அத்தை குறைஞ்ச வாடகைக்கு விட்டாங்க. "தரை அப்படித்தான் இருக்கும், சுத்தமாத்தான் இருக்கு"ன்னு வந்தவங்ககிட்ட முன்னாடியே சொல்லிட்டாங்க.

மிச்சம் இருந்த அரை பாட்டில் ஆசிட்டை என்ன பண்றதுன்னு கேட்டாங்க. அதைத் தோட்டத்துல ஊத்தவும் முடியாது, கழிவுக் குழியில ஊத்தவும் வேணாம். பிளாஸ்டிக் பக்கெட்ல முக்கால் அளவு தண்ணி பிடிச்சு, வெட்டவெளியில வெச்சு, ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமா தண்ணிக்குள்ள ஊத்தினேன் (ஆசிட் மேல தண்ணி ஊத்தக் கூடாது, தெறிக்கும்). கையில ரப்பர் க்ளவுஸ், கண்ணுக்கு லேப் கண்ணாடி. அப்புறம் ஆப்ப சோடாவை ஸ்பூன் ஸ்பூனா போட்டேன். ஒவ்வொரு ஸ்பூனுக்கும் பக்கெட் சீறிப் பொங்குச்சு. அத்தை திண்ணையில உட்கார்ந்து கொஞ்ச நேரம் அதையே பார்த்துட்டு இருந்தாங்க.

"இந்த நொரைதான கண்ணு தரையிலயும் வந்துச்சு?"

"ஆமாங்க அத்தை."

"அழுக்கு போவுதுன்னு நெனச்சேன்"னு சொல்லிட்டு, இன்னொரு ஸ்பூன் சோடா எடுத்துக் குடுத்தாங்க.